முட்டி இம்ப்ளான்ட்டோட வடிவம் எவ்வளவு முக்கியம்? வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் முட்டி மாத்துற ஆபரேஷன் பத்திதான், அதுலயும் நிறைய பேர் கேட்டிருக்கிறது எந்த வடிவம் நல்லதுன்னு. கம்பெனி நோட்டீஸ்ல போட்டிருக்கிற வார்த்தைகள அப்படியே எழுதி அனுப்பி இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி வந்த கேள்விகள ஒண்ணா சேர்த்துட்டேன். பதில் கொஞ்சம் நீளமாதான் இருக்கும், ஏன்னா இந்த விஷயத்த ரெண்டு வரியில சொன்னா தப்பா புரிஞ்சுக்கிட்டு தேவையில்லாம பயப்படுறவங்களும் தேவையில்லாம நம்பி ஏமாறுறவங்களும்தான் அதிகமாவாங்க.

கேள்வி: டாக்டர், எங்க அம்மாவுக்கு 66 வயசு, ரெண்டு முட்டியும் நல்லா தேஞ்சிடுச்சு. ரெண்டு சர்ஜன்கிட்ட காமிச்சோம். ஒருத்தர் சிங்கிள் ரேடியஸ் இம்ப்ளான்ட்தான் வைப்பேன்னு சொல்றார். இன்னொருத்தர் மீடியல் பிவட் மாடல்தான் இயற்கையான முட்டி மாதிரி வேலை செய்யும்னு சொல்றார். ரெண்டு பேருமே நல்ல பேர் எடுத்தவங்க. எங்களுக்கு தலை சுத்துது. வளைவுல அப்படி என்ன இருக்கு, யார் பேச்ச கேக்குறது?

பதில்: ரெண்டு பேருமே பொய் சொல்லல, ஆளுக்கு ஒரு பிரச்சனைய தீர்க்கப் பாக்குறாங்க. முதல்ல நம்ம சொந்த முட்டி எப்படி இருக்குன்னு பாருங்க. தொடை எலும்போட கீழ் முனைய பக்கவாட்டுல பாத்தா அது முழு வட்டம் கிடையாது, முன்பக்கமும் அடிப்பக்கமும் பெரிய வளைவா கொஞ்சம் தட்டையா இருக்கும், பின்னாடி போகப்போக வளைவு சின்னதாகிட்டே வரும். அதுக்கு கீழ இருக்கிற கால் எலும்போட மேல்பரப்பு உள்பக்கம் லேசா குழிஞ்சும் வெளிப்பக்கம் லேசா மேடாவும் இருக்கும். அதனால மடக்கும்போது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நகராது. 2000-ல லண்டன்ல மைக்கேல் ஃப்ரீமனும் அவரோட குழுவும் எம்.ஆர்.ஐ. வச்சு இத தெளிவா காமிச்சாங்க, மடக்கும்போது உள்பக்கம் கிட்டத்தட்ட ஒரே இடத்துல நின்னு சுழலுது, வெளிப்பக்கம் ஒன்றரை ரெண்டு சென்டிமீட்டர் பின்னாடி உருண்டு போகுது.

இப்ப இம்ப்ளான்ட்டுக்கு வருவோம். தொடை எலும்பு முனையில ஒரு உலோக மூடி, கால் எலும்பு மேல ஒரு உலோகத் தட்டு, ரெண்டுக்கும் நடுவுல பிளாஸ்டிக், இதுதான் பொதுவான அமைப்பு. பழைய டிசைன்கள்ல இயற்கையப் பாத்து பெரிய வளைவு, சின்ன வளைவுன்னு ரெண்டு மூணு வளைவ ஒட்ட வச்ச மாதிரி உலோகத்த செஞ்சாங்க. நிக்கும்போது டைட்டா இருக்கும், முழுசா 90 டிகிரி மடக்கினாலும் டைட்டா இருக்கும், ஆனா நடுவுல 30, 45 டிகிரி கிட்ட பெரிய வளைவு முடிஞ்சு சின்ன வளைவு ஆரம்பிக்கிற இடத்துல ரெண்டு பக்க லிகமென்ட்டும் (எலும்புகள சேர்த்துக் கட்டிப் புடிக்கிற நார்) கொஞ்சம் தொய்ஞ்சு போக வாய்ப்பு உண்டு. படி இறங்கும்போது, சேர்லருந்து எழுந்திருக்கும்போது முட்டி நம்ம கட்டுப்பாட்டுல இல்லாத மாதிரி தோணுதுன்னு சில பேர் சொல்றாங்க பாருங்க, அதுக்கு ஒரு காரணம் இது. சிங்கிள் ரேடியஸ் டிசைன்ல சுமார் 10 டிகிரியிலருந்து 110 டிகிரி வரைக்கும் ஒரே வட்டத்தோட துண்டுதான், சுழல்ற மையம் மாறாது, லிகமென்ட்டோட இழுவையும் ஒரே சீரா இருக்கும்ங்கிறது அவங்க கணக்கு. இன்னும் சில கம்பெனிங்க வளைவ திடீர்னு மாத்தாம கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிட்டே போறாங்க, அதுவும் இதே பிரச்சனைக்கு வேற ஒரு வழி.

மீடியல் பிவட் வேற கோணத்துலருந்து வருது. உள்பக்கத்துல பந்தும் குழியுமா இறுக்கமா பொருந்துற மாதிரி பிளாஸ்டிக்க ஆழமா செஞ்சிடுவாங்க, வெளிப்பக்கத்த பின்னாடி நகர விட்டுடுவாங்க. பழைய சில மாடல்கள எக்ஸ்ரே வீடியோவுல பாத்தப்ப தொடை எலும்பு பின்னாடி போறதுக்கு பதிலா முன்னாடி வழுக்கிட்டு வந்துச்சு, அந்த வழுக்கல நிறுத்துறதுதான் இதோட நோக்கம்.

சரி, நிஜத்துல எது ஜெயிச்சுது? இங்கதான் நான் மனசார ஒண்ணு சொல்லணும். லேப்ல பாத்தா வித்தியாசம் தெரியுது, நடக்கும்போது தசை வேலை செய்யறதுல சில ஆய்வுகள்ல வித்தியாசம் தெரியுது, ஆனா வலி எவ்வளவு குறைஞ்சுது, ஆள் எவ்வளவு தூரம் நடக்குறாங்கன்னு வருஷக்கணக்குல அளந்து பாத்தா இந்த ரெண்டு குடும்பத்துல எதுவும் மத்தத தெளிவா தோக்கடிச்சதில்ல. ஒரு ஆய்வுல இது கொஞ்சம் மேல, இன்னொண்ணுல அது கொஞ்சம் மேல, பல ஆய்வுகள்ல சமம். அதனால அம்மாவுக்கு வளைவ வச்சு டாக்டர தேர்ந்தெடுக்காதீங்க, அந்தந்த டாக்டர் கைக்கு எந்த மாடல் வருஷக்கணக்கா பழகியிருக்கோ அதத்தான் வைக்கட்டும். லிகமென்ட்ட சரியா சமன்படுத்தலன்னா எந்த வளைவும் காப்பாத்தாது, ஒரு மாடலோட குணம் தெரிஞ்ச சர்ஜனாலதான் அத சரியா சமன்படுத்த முடியும்.

கேள்வி: என் கணவருக்கு 1990-கள்ல முட்டி மாத்தினது, உள்ள இருந்த பிளாஸ்டிக் தேஞ்சு போய் திரும்பவும் ஆபரேஷன் பண்ணாங்க. பிளாஸ்டிக் உலோகத்தோட முழுசா பொருந்துற மாதிரி ஆழமா செஞ்சா தேயாதுன்னு என் பையன் சொல்றான், அவன் மெக்கானிக்கல் இன்ஜினியர். அப்ப ஏன் அப்படி செய்யலன்னு கேக்குறான். பதில் சொல்லுங்க.

பதில்: உங்க பையன் கேட்டிருக்கிறது இந்த துறையோட மையமான கேள்வி, அம்பது வருஷமா இதுக்குத்தான் அடிச்சுக்கிறோம். 

ஒரு உருண்டைய கிண்ணத்துல வைங்க, அதே உருண்டைய தட்டுல வைங்க. கிண்ணத்துல பெரிய பரப்புல உக்காரும், எடை பரவிடும், தட்டுல ஒரு புள்ளியில மட்டும்தான் தொடும், மொத்த எடையும் அந்த புள்ளி மேலதான். முட்டி மேல விழுற எடை சாதாரணமானது இல்லங்க. பெர்லின்ல இம்ப்ளான்ட்டுக்குள்ளயே சென்சார் வச்சு அளந்திருக்காங்க, சமதரையில நடக்கும்போது உடம்பு எடையில சுமார் 2.6 மடங்கு, படி இறங்கும்போது கிட்டத்தட்ட 3.5 மடங்கு. 70 கிலோ ஆள் படி இறங்கினா ஒவ்வொரு அடிக்கும் 240 கிலோ அளவுக்கு அந்த பிளாஸ்டிக் மேல விழுது. தட்டையான பிளாஸ்டிக்ல அது சின்ன இடத்துல விழுந்தா பிளாஸ்டிக் தாங்குற அளவையே தாண்டிடும். அது வரைக்கும் பையன் சொல்றது சரி.

ஆனா கிண்ணத்துல வச்ச உருண்டைய பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க, போகாது, கிண்ணமே சேர்ந்து நகரும். முட்டி வெறும் கதவு கீல் இல்ல, மடக்கும்போது கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் முன்னபின்ன போகும். பிளாஸ்டிக் அத விடலன்னா அந்த திருகுற விசை எங்க போகும்? பிளாஸ்டிக்கத் தாண்டி உலோகத் தட்டுக்கு, அங்கருந்து அத எலும்போட ஒட்டி வச்சிருக்கிற சிமென்ட்டுக்கு, அங்கருந்து எலும்புக்கு. நாளாக நாளாக இம்ப்ளான்ட் எலும்புலருந்து லூசாகிடும். ஆரம்ப காலத்து கீல் மாதிரி இம்ப்ளான்ட்டுகள் நிறைய இப்படித்தான் லூசாச்சு. அதப் பாத்து பயந்து எதிர்ப்பக்கம் போனாங்க, முட்டி இஷ்டத்துக்கு நகரட்டும்னு பிளாஸ்டிக்க தட்டையா செஞ்சாங்க, 1980-கள்ல அப்படி நிறைய வந்துச்சு, அதுலயும் கீழ உலோகத் தட்டு வைக்கணும்னு பிளாஸ்டிக்க ரொம்ப மெலிசாக்கிட்டாங்க, போதாததுக்கு அந்த காலத்துல காத்து இருக்கிற பாக்கெட்டுல வச்சே காமா கதிர் காமிச்சு கிருமி நீக்கம் பண்ணுவாங்க, அதுல ஆக்சிஜன் சேர்ந்து பிளாஸ்டிக் வருஷம் போகப்போக நொறுங்குற பதத்துக்கு வந்துடும். தட்டை, மெலிசு, நொறுங்கல் மூணும் சேர்ந்தா என்ன ஆகும்.

அந்த மாதிரி கழட்டி எடுத்த ஒரு பிளாஸ்டிக் துண்ட கையில வச்சுப் பாத்தா நல்லா புரியும். புதுசா இருக்கும்போது பால் வெள்ளையா வழவழன்னு இருக்கும். கழட்டினது மஞ்சளாகிப் போய், உலோகம் உக்காந்த இடத்துல மட்டும் குழி குழியா இருக்கும், அதோட ஓரத்துல மேல் அடுக்கு தகடு தகடா உரிஞ்சு நிக்கும், நகத்த வச்சு நெம்பினா பெயர்ந்து வரும். பின் ஓரத்துல ஒரு பக்கம் மட்டும் வழிச்சு எடுத்த மாதிரி சரிஞ்சிருக்கும். எடை பரவாம ஒரே இடத்துல விழுந்ததுன்னு அந்த துண்டே சொல்லிடும். உங்க கணவருக்கு இருந்தது எந்த டிசைன்னு எனக்குத் தெரியாது, ஆனா அந்த காலத்துல வச்ச பல முட்டிகளோட கதை இதுதான். 1990-கள் நடுவுலருந்து காத்து இல்லாத பாக்கெட் வந்துச்சு, அப்புறம் மூலக்கூறுகள குறுக்கால பிணைச்ச கெட்டியான பாலிஎத்திலீன் (இதே பிளாஸ்டிக்தான்) வந்துச்சு, விட்டமின் ஈ கலந்ததும் வந்துச்சு. இன்னிக்கு பிளாஸ்டிக் தேஞ்சுதான் திரும்ப ஆபரேஷன்ங்கிறது பழைய அளவுக்கு இல்ல, தொற்று, லூசாகுறது, முட்டி ஸ்டெடியா இல்லாம ஆடுறது, இதெல்லாம்தான் முன்னாடி நிக்குது.

இப்ப இருக்கிற டிசைன் எல்லாமே நடுவுல எங்கயோ நிக்குற சமரசம்தான், முழு கிண்ணமும் இல்ல, முழு தட்டும் இல்ல. 1974-ல நியூயார்க்ல இன்சால், ரணாவத், வாக்கர் சேர்ந்து கொண்டுவந்த டோட்டல் காண்டைலர் முட்டிதான் அந்த சமரசத்த முதல்ல ஒழுங்கா புடிச்சது, இன்னிக்கு வைக்கிற பெரும்பாலான மாடலுக்கு தாத்தா அதுதான். இன்னொரு புத்திசாலித்தனமான வழி 1977-ல நியூஜெர்சியில பியூக்கெலும் பாப்பாஸும் செஞ்சது, மேல் பக்கம் பிளாஸ்டிக் நல்லா ஆழமா பொருந்தட்டும், ஆனா அந்த பிளாஸ்டிக்கே கீழ இருக்கிற உலோகத் தட்டு மேல சுத்தட்டும்னு விட்டாங்க. கிண்ணமும் உண்டு, திருகுற விசை எலும்புக்குப் போகவும் செய்யாது. பையனுக்கு ரொம்ப புடிக்கும்னு நினைக்கிறேன். ஆனா வருஷக்கணக்குல பாத்ததுல அசையாத பிளாஸ்டிக் வச்சவங்கள விட இது நல்லா இருந்துச்சுன்னு நிரூபிக்க முடியல, அதோட லிகமென்ட் தொய்வா இருந்தா அந்த பிளாஸ்டிக் சுத்திட்டே போய் இடம் மாறி மாட்டிக்கிற ஆபத்தும் இதுல உண்டு. வடிவத்துல ஒரு பக்கம் லாபம் எடுத்தா இன்னொரு பக்கம் எதையாவது விட்டுக்குடுக்கணும், இந்த துறையில திரும்பத் திரும்ப பாக்குறது இதுதான்.

கேள்வி: அப்பாவுக்கு குத்துக்கால் போட்டு உக்காரணும், சம்மணம் போடணும். ஹை ஃப்ளெக்ஸ்னு ஒரு மாடல் இருக்காமே, 150 டிகிரிக்கு மேல மடங்கும்னு சொல்றாங்க. அத வச்சா முடியுமா சார்?

பதில்: மடங்கும்னு சொல்றதுக்கும் மடங்கினா தாங்கும்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்குங்க. ஹை ஃப்ளெக்ஸ் டிசைன்ல உலோகத்தோட பின்பகுதிய கொஞ்சம் நீட்டி மேல் நோக்கி வளைச்சிருப்பாங்க, ஆழமா மடக்கும்போது உலோகத்தோட கூரான ஓரம் பிளாஸ்டிக்க குத்தாம வளைவான பரப்பே தொடணும்னு. அதுக்கு இடம் வேணும்னு சில மாடல்ல தொடை எலும்போட பின்பக்கத்துல சாதாரணமா வெட்டுறத விட 2 மில்லிமீட்டர் கூடுதலா எலும்ப வெட்டுவாங்க. யோசனை நல்ல யோசனைதான். ஆனா சாதாரண மாடலோட நேருக்கு நேர் வச்சு ஒப்பிட்ட ஆய்வுகள்ல மடங்குற அளவுல வித்தியாசம் சில டிகிரிதான், பல ஆய்வுகள்ல அதுவும் இல்ல.

ஆபரேஷனுக்கு அப்புறம் எவ்வளவு மடங்கும்ங்கிறத அதிகமா தீர்மானிக்கிறது ஆபரேஷனுக்கு முன்னாடி எவ்வளவு மடங்குச்சுங்கிறதுதான். அப்பாவுக்கு இப்பவே 90 டிகிரிதான் மடங்குதுன்னா எந்த மாடலும் 150-க்கு கொண்டு போகாது. அடுத்தது தொடை எலும்போட பின்பக்க தடிமன் ஆபரேஷன்ல அப்படியே காப்பாத்தப்பட்டுச்சாங்கிறது, அது குறைஞ்சா பிளாஸ்டிக்கோட பின் ஓரம் சீக்கிரமே எலும்புல போய் இடிக்கும், மடக்க முடியாது. 2002-ல பெல்ஜியத்துலருந்து வந்த ஒரு ஆய்வுல 2 மில்லிமீட்டர் குறைஞ்சதுக்கு சராசரியா 12 டிகிரி மடக்கம் குறைஞ்சிருக்கு. பின்னால வந்த எல்லா ஆய்வும் அதே அளவ காட்டல, ஆனா அந்த பின்பக்கத்த கவனமா பாக்கணும்ங்கிறதுல யாருக்கும் சந்தேகமில்ல.

இன்னொரு பக்கமும் சொல்லணும். 2007-ல கொரியாவுலருந்து ஒரு அறிக்கை வந்துச்சு, ஒரு ஹை ஃப்ளெக்ஸ் மாடல் வச்ச 72 முட்டியில 38 சதவீதத்துல தொடைப் பக்க உலோகம் மூணு வருஷம் கூட ஆகாம லூசாகியிருந்துச்சு, அதுலயும் குத்துக்கால் போட்டு உக்காந்தவங்க, மண்டி போட்டவங்க, சம்மணம் போட்டவங்ககிட்டதான் அதிகம். மத்த இடங்கள்ல அவ்வளவு மோசமா வரல, ஆனா காரணம் புரிஞ்சுக்க முடியற ஒண்ணுதான், ஆழமா மடக்கும்போது எடை முழுக்க பின்பக்கம் சின்ன பரப்புல விழும், உலோகத்த எலும்புலருந்து நெம்புற மாதிரி விசை வரும்.

நடக்க சுமார் 70 டிகிரி போதும், படி ஏற இறங்க 90, 100, தாழ்வான சேர்லருந்து எழுந்திருக்க கொஞ்சம் மேல. 110, 120 டிகிரி மடங்குச்சுன்னா அன்றாட வேலை எல்லாம் நடக்கும். அப்பாகிட்ட இத முன்னாடியே உக்காந்து பேசிடுங்க. எப்பவாவது தானா மடங்குச்சுன்னா சம்மணம் போட்டுக்கட்டும், அதையே குறியா வச்சு மாடல் வாங்க வேணாம்.

கேள்வி: பெண்களுக்குன்னு தனி முட்டி இருக்குன்னு படிச்சேன். எனக்கு அதான் வைக்கணுமா? என் சர்ஜன் தேவையில்லன்னு சொல்லிட்டார்.

பதில்: உங்க சர்ஜன் சொன்னது சரிதான், ஆனா அந்த யோசனைக்குப் பின்னாடி ஒரு உண்மை இருந்துச்சு. தொடை எலும்போட முன்பின் நீளம் ஒரே அளவா இருக்கிற ஒரு ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கிட்டா சராசரியா பெண்ணோட எலும்பு குறுக்குல குறுகலா இருக்கும். முன்பின் நீளத்துக்கு சரியா இருக்கிற சைஸ வச்சா பக்கவாட்டுல உலோகம் எலும்ப விட்டு வெளிய நீட்டும், பக்கவாட்டு அகலத்துக்கு சின்ன சைஸ் வச்சா பின்பக்கம் எலும்ப அதிகமா வெட்ட வேண்டி வரும். 2006-ல ஒரு கம்பெனி இதுக்காகவே குறுகலா, முன்பக்கம் மெலிசா ஒரு மாடல பெண்கள் முட்டின்னு பேர் வச்சே கொண்டுவந்துச்சு, விளம்பரமும் பெருசா பண்ணாங்க. ஒரே ஆளுக்கு ஒரு முட்டியில அதையும் இன்னொரு முட்டியில சாதாரண மாடலையும் வச்சு பாத்தப்போ கூட சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் வரல.

அதுக்காக நீட்டிக்கிட்டு இருக்கிறது பரவாயில்லன்னு அர்த்தம் இல்ல. 2010-ல வந்த ஒரு ஆய்வுல உலோகம் எலும்ப விட்டு 3 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ எங்கயாவது ஒரு இடத்துல நீட்டிக்கிட்டு இருந்தா ரெண்டு வருஷம் கழிச்சு முட்டி வலி இருக்கிற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுதுன்னு காமிச்சாங்க, அந்த அளவுக்கு நீட்டல் பெண்கள்ல 68 சதவீதம் பேருக்கும் ஆண்கள்ல 40 சதவீதம் பேருக்கும் இருந்துச்சு. பெண்களுக்குத்தான் அதிகம், ஆனா ஆண்களுக்கும் உண்டு பாருங்க. அதனால ஆண் பெண்ணுங்கிற பிரிவ விட அந்தந்த எலும்போட அளவுதான் விஷயம். இப்ப பல கம்பெனிங்க ஒரே நீளத்துக்கு சாதாரண அகலம், குறுகல் அகலம்னு ரெண்டும் வச்சிருக்காங்க, உடம்பு வாகு சின்னதா இருக்கிற ஆணுக்கும் குறுகலத்தான் வைப்போம். ஆபரேஷன்ல முதல்ல சோதனைக்குன்னு ஒரு மாதிரித் துண்ட வச்சுப் பாப்போம், அப்ப கட்டைவிரல எலும்புலருந்து உலோகத்துக்கு ஓட்டிப் பாத்தா ஓரம் தட்டுதா இல்லையான்னு தெரிஞ்சிடும், தட்டினா அந்த இடத்துலதான் பின்னால தசைநாரும் சவ்வும் தினமும் உரசப்போகுது, அப்பவே சைஸ மாத்திடணும். உங்க சர்ஜன்கிட்ட பெண்கள் முட்டி இருக்கான்னு கேக்காதீங்க, குறுகல் சைஸ் கைவசம் இருக்கான்னு கேளுங்க.

கேள்வி: ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. நடக்கும்போது டக் டக்னு சத்தம் வருது. வலி இல்ல. ஆனா பயமா இருக்கு, உள்ள ஏதோ கழண்டுடுச்சோன்னு.

பதில்: வலி இல்ல, வீக்கம் இல்ல, முட்டி விட்டுப் போற மாதிரி இல்லன்னா பயப்படாதீங்க, உலோகமும் பிளாஸ்டிக்கும் லேசா விலகி திரும்ப தொடும்போது வர்ற சத்தம் அது, ரொம்ப பேருக்கு வரும். அடுத்த செக்கப்புல சொல்லிடுங்க, போதும்.

வேற ஒரு சத்தம் இருக்கு, அது வடிவத்தால வர்றது, அதையும் சொல்லிடறேன். முட்டியோட பின்பக்க குறுக்கு லிகமென்ட்ட எடுத்துட்டு வைக்கிற மாடல்கள்ல அதுக்கு பதிலா பிளாஸ்டிக் நடுவுல ஒரு கம்பம் நிக்கும், உலோகத்துல அதுக்கு ஏத்த ஒரு பெட்டி வெட்டியிருப்பாங்க, மடக்கும்போது உலோகத்துல இருக்கிற குறுக்குத் தண்டு அந்த கம்பத்துல மோதி தொடை எலும்ப பின்னாடி உருள வைக்கும். 1978-ல இன்சாலும் பர்ஸ்டைனும் கொண்டுவந்தது. ஆரம்பத்துல அந்த பெட்டியோட முன் விளிம்பு உயரமா கூரா இருந்துச்சு, முட்டிச் சில்லுக்கு மேல உருவாகுற ஒரு சின்ன சதைக் கட்டி மடக்கும்போது அந்த பெட்டிக்குள்ள விழுந்து, கால நீட்டும்போது 30, 45 டிகிரி கிட்ட மாட்டி டொக்குனு வெளிய வரும். அது வலிக்கும், கைய வச்சா தெரியும். அப்புறம் சில்லு ஓடுற பள்ளத்த கீழ வரைக்கும் நீட்டி, பெட்டிய தாழ்வாக்கி, விளிம்ப மழுங்கலாக்கினாங்க, பிரச்சனை ரொம்ப குறைஞ்சிடுச்சு. வடிவத்த மாத்தினதால நோயாளிக்கு கண்ணுக்குத் தெரியற மாதிரி நல்லது நடந்ததுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. அந்த பள்ளத்தையும் முன்ன மாதிரி நேரா வைக்காம வலது காலுக்கு ஒரு சாய்வு, இடது காலுக்கு ஒரு சாய்வுன்னு தனித்தனியா செய்யறாங்க, சில்லு வெளிப்பக்கம் நழுவாம இருக்க.

உங்களுக்கு சத்தத்தோட வலியும் சேர்ந்து, கால நீட்டும்போது ஒரே கோணத்துல மாட்டுதுன்னா சர்ஜன போய் பாருங்க, சின்ன துளை வழியா அந்த கட்டிய எடுத்துடலாம், இம்ப்ளான்ட்ட தொட வேண்டியதில்ல.

கேள்வி: என் எக்ஸ்ரேயில கீழ்த் தட்டு எலும்ப முழுசா மூடல, பின் ஓரத்துல கொஞ்சம் எலும்பு தெரியுது. சின்ன சைஸ் வச்சுட்டாங்களா?

பதில்: இருக்கணும்னு இல்ல. கீழ் எலும்போட மேல்பரப்பு ரெண்டு பக்கமும் ஒரே அளவு கிடையாது, உள்பக்கம் முன்பின் நீளம் அதிகம். ரெண்டு பக்கமும் சமமா இருக்கிற தட்ட வச்சு முழுசா மூடணும்னு அடம் புடிச்சா தட்டு உள்பக்கமா திரும்பிடும், அப்படி திரும்பினா முட்டிச் சில்லு சரியா ஓடாது, வலி தீராம நிக்கும். பெரிய தட்டு வச்சு பின்பக்க வெளி ஓரத்துல நீட்டினா அங்க போற தசைநார்ல உரசும். அதனால திசை சரியா இருந்து ஓரத்துல கொஞ்சம் எலும்பு தெரியறது, முழுசா மூடி திசை தப்பி நிக்கறத விட எவ்வளவோ மேல். எலும்பு வடிவத்துலயே சமமில்லாம செஞ்ச தட்டுகளும் இப்ப வந்திருக்கு, அதுல மூடுறதும் திசையும் ரெண்டும் சேர்ந்து வர்றது சுலபம்.

கேள்வி: த்ரீ டி பிரிண்ட் பண்ணி அவங்கவங்க எலும்புக்கே அளவெடுத்து செய்யற இம்ப்ளான்ட் வந்தாச்சே, இனிமே சைஸ் பிரச்சனையே இல்லதானே?

பதில்: இதுல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு. சில இம்ப்ளான்ட்ல எலும்பு உள்ள வளர்ந்து புடிச்சுக்கற மாதிரி துளைத்துளையான பரப்ப த்ரீ டி பிரிண்ட்ல செய்யறாங்க, அது சிமென்ட் இல்லாம வைக்கிறதுக்கு, அளவு எல்லாருக்கும் பொதுவானதுதான். இன்னொண்ணு சி.டி. ஸ்கேன் எடுத்து உங்க எலும்போட வடிவத்துக்கே தனியா செய்யறது, செஞ்சு வர வாரக்கணக்குல ஆகும். ரெண்டாவதுல ஓரம் நீட்டுற பிரச்சனை நல்லாவே குறையுது, அது உண்மை. ஆனா வலியிலயும் நடையிலயும் சாதாரண மாடல விட மேலன்னு நம்புற அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரல. எலும்போட உருவத்த காப்பி அடிக்கலாம், முன்பக்க குறுக்கு லிகமென்ட்ட பெரும்பாலும் எடுத்துடறோம், எலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருந்த மெனிஸ்கஸ் ஜவ்வு போயிடுச்சு, அதெல்லாம் இல்லாம அதே உருவம் அதே மாதிரி அசையாது.

கேள்வி: கடைசியா எனக்கு ஒண்ணுதான் தெரியணும். மாடல் பேர் எதுவும் எனக்குப் புரியாது. சர்ஜன்கிட்ட என்ன கேக்கணும், எவ்வளவு வருஷம் வரும்?

பதில்: 2019-ல ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து நாடுகளோட மூட்டு மாத்தின பதிவேடுகள சேர்த்துப் பாத்த ஒரு பெரிய ஆய்வுல, முழு முட்டி மாத்தினதுல சுமார் 82 சதவீதம் 25 வருஷம் தாண்டியும் அப்படியே இருந்துச்சு, பாதி முட்டி மட்டும் மாத்தினதுல சுமார் 70. இது பழைய டிசைன்களும் பழைய பிளாஸ்டிக்கும் சேர்ந்த கணக்குங்கிறத மறந்துடாதீங்க. ஆனா தாங்குறது வேற, திருப்தி வேற. சுமார் அஞ்சுல ஒருத்தர் எதிர்பார்த்த மாதிரி இல்லன்னு சொல்றாங்க, எந்த வளைவு வந்தும் அந்த எண்ணிக்கை பெருசா இறங்கல, அதுதான் என்ன மாதிரி ஆட்கள உறுத்திக்கிட்டே இருக்கு.

கேக்க வேண்டியது இதுதான். இந்த மாடல எத்தன வருஷமா வைக்கிறீங்க, வருஷத்துக்கு எத்தன பண்றீங்க. இதுக்கு பதிவேட்டுல 10 வருஷ கணக்கு இருக்கா. சுவீடன்ல 1975-லருந்தும், ஆஸ்திரேலியாவுல 1999-லருந்தும், பிரிட்டன்ல 2003-லருந்தும் வச்ச ஒவ்வொரு முட்டியையும் பதிஞ்சுட்டு வர்றாங்க, எந்த மாடல் எவ்வளவு சீக்கிரம் மாத்த வேண்டி வந்துச்சுன்னு வருஷா வருஷம் வெளியிடறாங்க. பிரிட்டன்ல ஓடெப்னு ஒரு குழு இத வச்சு மதிப்பெண்ணும் குடுக்குது, 10 ஏ ஸ்டார்னு போட்டிருந்தா 10 வருஷத்துக்கு வலுவான ஆதாரம் இருக்குன்னு அர்த்தம். போன வருஷம் வந்த புது வடிவத்துக்கு இப்படி எதுவும் இருக்க முடியாது, புதுசுங்கிறதுக்காகவே அத கேட்டு வாங்காதீங்க.

ஆபரேஷன் முடிஞ்சதும் உங்களுக்குள்ள வச்ச ஒவ்வொரு துண்டோட ஸ்டிக்கரும் கேஸ் ஷீட்ல ஒட்டியிருப்பாங்க, மாடல் பேர், சைஸ், பிளாஸ்டிக்கோட தடிமன், பேட்ச் நம்பர் எல்லாம் அதுல இருக்கும். அதோட காப்பி கேட்டு வாங்கி பத்திரமா வச்சுக்குங்க, போட்டோ எடுத்து பசங்களுக்கும் அனுப்பி வைங்க. 20 வருஷம் கழிச்சு பிளாஸ்டிக்க மட்டும் மாத்த வேண்டி வந்தா ஒரு கம்பெனி பிளாஸ்டிக் இன்னொரு கம்பெனி உலோகத்துல உக்காராது, அதே கம்பெனியிலயே பழைய மாடலுக்கும் புது மாடலுக்கும் ஒத்துப்போகாது, என்ன வச்சிருக்குன்னு தெரியலன்னா நல்லா இருக்கிற உலோகத்தையும் சேர்த்து பேத்து எடுக்க வேண்டி வந்துடும்.